ஊசிக்கு முன் கேட்ட கேள்விகள்

அன்புள்ள வாலுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் புது ஆளும் சுகம்தானே. இங்கே நான் சுகம். சுகம் என்று எழுதியதும் பேனா கொஞ்சம் நின்றது. உடம்பைக் கேட்டால் சுகம்தான், மற்றதைக் கேட்கத்தான் வீட்டில் ஆள் இல்லை. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ சாப்பிட்டீங்களா என்கிறாய், நான் சாப்பிட்டேன், நீ சாப்பிட்டியா என்கிறேன், அதற்குப் பிறகு இரண்டு பேரும் சும்மா போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். முன்பெல்லாம் அந்த இடத்தில்தான் உன் அம்மா என் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொள்வாள். எழுதினால் நடுவில் அந்த இடம் வராது.

வேலைக்குப் போகிறேன், கூப்பிட்டால் மட்டும். மூலைக்கட்டடத்தில் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிடுகிறது, பழுது பார்க்கப் போய்விட்டு வந்தேன். சமையலில் உப்பு சில நாள் இருக்கிறது, சில நாள் இல்லை, எப்படி இருந்தாலும் தட்டு காலியாகிவிடுகிறது. அழுதீங்களா மாமா என்று உன் சித்தி அடிக்கடி போனில் கேட்கிறாள். வரவில்லை என்றேன். பல் பிடுங்குவதற்கு முன் மரத்துப்போக ஊசி போடுவார்களே, அப்போது கன்னம் இருக்குமே, அப்படித்தான் இருக்கிறது. தொட்டால் தெரிகிறது, ஆனால் யாருடைய கன்னமோ போல. இதை எழுதுவது நீ கவலைப்பட அல்ல, நீயும் கேட்பாய் என்பதால் சொல்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பிரசவத்துக்கு அம்மா வருவதாக இருந்தது, இனி நீங்கதான்பா வரணும் என்றாய். தடுப்பூசி போட்டுக்கொள்ளாமல் உன் ஊருக்குள் விடமாட்டார்கள் என்றும் சொன்னாய். எனக்காக என்றால் போயிருக்க மாட்டேன், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். உனக்காகப் போனேன். பள்ளிக்கூடத்துப் பெரிய ஹாலில் போடுகிறார்கள். முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போய்விட்டேன், முன்னால் நின்றவர் அதைப் பார்த்துவிட்டு, தோள் வரைக்கும் எப்படி ஏத்துவீங்க என்று கேட்டார். மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு நர்ஸ், உன் வயதுதான் இருக்கும். ஐயா, என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்க என்று கேட்டாள். காலையில ஒரு வெள்ளை, ராத்திரி அரை ரோஸ் என்றேன். உலகத்துல பாதி மாத்திரை வெள்ளைதாங்க என்றாள். ரத்தம் கட்டாம இருக்க ஏதாவது சாப்பிடுறீங்களா, ஏதாவது மருந்தோ ஊசியோ எப்பவாவது ஒத்துக்காம போயிருக்கா, மூச்சு முட்டியிருக்கா, மூஞ்சி வீங்கியிருக்கா, போன வாரம் காய்ச்சல் இருந்துச்சா என்று வரிசையாகக் கேட்டாள். உங்களுக்கு கொரோனா வந்துச்சா என்றாள். எனக்கு வரலை, என் வீட்டுக்காரிக்கு வந்தது என்றேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மறுபடியும், மருந்து ஒத்துக்காம போனது உண்டா என்று மெதுவாகக் கேட்டாள். நான் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன்.

உனக்குத் தெரியுமே நம் வீட்டு வழக்கம். எந்த டாக்டரிடம் போனாலும் நான் நாக்கை நீட்டுவதோடு சரி, பேச்செல்லாம் உன் அம்மாதான். எங்கே வலிக்குது என்று டாக்டர் என்னைக் கேட்டால் நான் அவளைப் பார்ப்பேன், அவள் சொல்வாள், சொன்ன இடம் சரியாகவும் இருக்கும். உங்களுக்குப் பார்க்கிறதா உங்க வீட்டம்மாவுக்குப் பார்க்கிறதா என்று நம் பழைய டாக்டர் கேலி செய்வார். அவள் பேசி முடிக்கும் வரை நான் சுவரில் மாட்டியிருக்கும் எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அதனால் இத்தனை வயதுக்கு என் உடம்பைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. தெரியலையேம்மா என்றேன். கூட யாரு வந்திருக்காங்க என்று நர்ஸ் கேட்டாள், யாரும் இல்லை என்றேன். கோபப்படவில்லை அந்தப் பெண். மாத்திரையை எடுத்துக்கிட்டு, வீட்டுல பெரியவங்க யாரையாவது கேட்டுக்கிட்டு வாங்க, தெரியாம போட வேண்டாம் என்று அனுப்பிவிட்டாள். நான்தான் வீட்டில் பெரியவன் என்று அவளிடம் சொல்லவில்லை.

வீட்டு வாசலில் எதிர்வீட்டு ரேடியோ பிடித்துக்கொண்டார். உனக்கு நினைவிருக்கும், காலையில் பேச ஆரம்பித்தால் ராத்திரிதான் அணைப்பார். எதுக்குங்க வம்பு, எல்லாத்துக்கும் இல்லை இல்லைன்னு சொல்லிடுங்க, ரெண்டே நிமிஷத்துல குத்தி அனுப்பிடுவாங்க, நான் அப்படித்தான் பண்ணேன் என்றார். நாளைக்கே போய் அப்படிச் சொல்லிவிடலாமா என்று எனக்கும் தோன்றியது. ஆனது ஆகட்டும், சீக்கிரம் முடிந்தால் உன்னிடம் வந்துவிடலாம். மறுநாள் மூலைக்கட்டடத்து லிஃப்டைப் பார்க்கப் போனேன். எப்போதிலிருந்து நிற்கிறது, என்ன சத்தம் வந்தது என்று காவல்காரரைக் கேட்டேன். ஒண்ணுமில்லைங்க, நல்லாத்தான் ஓடிட்டிருந்துச்சு என்றார். எல்லாக் கட்டடத்திலும் இதே பதில்தான், இதை நம்பித்தான் ஒரு தடவை என் விரல் நசுங்கியது. அவரைத் திட்ட வாயெடுத்தேன், நாளைக்கு அந்த நர்ஸிடம் நானும் இதையேதானே சொல்லப் போகிறேன் என்று நினைத்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு மருந்துக்கடைக்குப் போய் மாத்திரை டப்பாவைக் காட்டினேன். வெள்ளை, ரத்தம் உறையாமல் இருக்க. ரோஸ், அழுத்தத்துக்கு. இதைச் சாப்பிடுபவர்களும் ஊசி போட்டுக்கொள்ளலாம், முன்கூட்டியே சொன்னால் மெல்லிய ஊசியாகப் போட்டுக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிப்பார்கள், நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள் என்று கடைக்காரர் சொன்னார். எனக்கு ஒத்துக்கொள்ளாத மருந்து எது என்று அவருக்குத் தெரியவில்லை. உன் சித்திக்குப் போன் செய்தேன். முதலில் அழுதாள், பிறகு சொன்னாள். கல்யாணமான புதிதில் எனக்குப் பல் வீங்கி, பென்சிலின் ஊசி போட்டார்களாம், போட்ட உடனே முகம் பூசணிக்காயாகி மூச்சு இழுத்ததாம், உன் அம்மா செருப்புகூடப் போடாமல் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாளாம். எனக்குப் பல் வலித்தது மட்டும்தான் நினைவில் இருக்கிறது. அதுக்கப்புறம் அக்கா இதைச் சொல்லாம எந்த டாக்டரையும் உங்க மேல கை வைக்க விட்டதில்லை மாமா என்றாள் சித்தி. அப்படியானால் நான் எலும்புக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் அவள் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

மறுபடியும் போனேன், அரைக்கைச் சட்டையில், சாப்பிட்டுவிட்டு. பஸ்ஸில் பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி முணுமுணுத்துக்கொண்டே போனேன். அதே நர்ஸ்தான், ஒன்று விடாமல் ஒப்பித்தேன். அவள் டாக்டரைக் கூப்பிட்டாள். பென்சிலினுக்கும் இந்த ஊசிக்கும் சம்பந்தமில்லை, போட்டுக்கலாம், ஆனா ஊசி போட்டு மூச்சு முட்டினவர்ங்கிறதால மத்தவங்களை விட அதிக நேரம், அரை மணி உட்காரணும், தொண்டை அடைக்கிற மாதிரியோ உடம்பு தடிக்கிற மாதிரியோ இருந்தா உடனே கையைத் தூக்குங்க என்றார். இதை நீங்க சொன்னது ரொம்ப நல்லது என்றும் சொன்னார். பாராட்டு போய்ச் சேர வேண்டிய இடம் வேறு.

போட்டார்கள். எறும்பு கடித்த மாதிரிகூட இல்லை. காத்திருக்கும் இடத்தில் ஒரு நாற்காலி விட்டு ஒரு நாற்காலியில்தான் உட்கார வேண்டும், நடுவில் இருப்பதில் பெரிய பெருக்கல் குறி ஒட்டி, இங்கே யாரும் உட்காரக் கூடாது என்று எழுதியிருந்தது. என் பக்கத்து நாற்காலியிலும் இருந்தது. அரை மணியும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூச்சு முட்டவில்லை, முகம் வீங்கவில்லை. ஒரு நாள் இரண்டு நாள் காய்ச்சலும் உடம்பு வலியும் வரலாம், வந்தால் பாராசிட்டமால் போதும், இரண்டாவது ஊசியைத் தவறவிடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். காய்ச்சல் வரவில்லை. கைதான் மறுநாள் நன்றாக வலித்தது, தூக்க முடியவில்லை. வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னேன். உன் அம்மா போன பிறகு எனக்கென்று தெரிந்த முதல் வலி அது. வீட்டில் யாரும் கேட்கவில்லை, பரவாயில்லை.

நீயும் ஊசி போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தாய். கர்ப்பிணிகள் பக்கமே போகக் கூடாது என்று ரேடியோ சொல்கிறார், அவர் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளாதே, என் பேச்சையும் கேட்காதே. உன் டாக்டரைக் கேள். கேட்கும்போது ஒன்றையும் மறைக்காமல், ஒன்றுமில்லை நல்லாத்தான் இருக்கேன் என்று காவல்காரர் மாதிரி பதில் சொல்லாமல், முழுவதும் சொல்லிக் கேள். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். அவர் மூக்குக்கண்ணாடி இப்போதாவது தொலையாமல் இருக்கிறதா.

நீ நல்லபடியாகப் பெற்றெடுத்து, குழந்தையும் நீயும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும். அம்மாவின் ஆசீர்வாதத்தையும் நானே சேர்த்து எழுதுகிறேன், எழுதத் தெரியாமல் எழுதுகிறேன்.

ஒன்று மறக்காதே. சின்ன வயதில் உனக்கு ஏதோ ஒரு சிவப்பு மருந்து கொடுத்து உடம்பெல்லாம் தடித்துப்போனது, அம்மா அந்தப் பாட்டிலை ஜன்னல் வழியாக எறிந்தாள். நிறம் நினைவிருக்கிறது, பெயர் தெரியாது. உனக்கு என்ன ஆகும், என்ன ஆகாது, உனக்குத் தெரிந்தது எல்லாவற்றையும் உடனே எனக்கு எழுது, தெரியாததைச் சித்தியிடம் நான் கேட்டுக்கொள்கிறேன். மாப்பிள்ளை சொல்வார்தான், இருந்தாலும் எழுது. வருவதற்குள் மனப்பாடம் செய்துவிடுவேன். அங்கே பிரசவ அறைக் கதவைத் திறந்துகொண்டு யாராவது வந்து, இவங்களுக்கு ஏதாவது மருந்து ஒத்துக்காம போயிருக்கா என்று கேட்டால், நான் பக்கத்தில் திரும்பிப் பார்க்கக் கூடாது.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அப்பா