உங்கள் கையில் நின்ற கடிகாரம்

மிளகுக்காரரே,

உங்கள் கடிகாரம் என் கையில் நிற்க மாட்டேன் என்றது. போன ஞாயிற்றுக்கிழமை காலையும் குழாயடியில் வாளியைத் தூக்கியபோது, அதற்குள் இருக்கும் அரைவட்டத் தகடு சர்ரென்று சுற்றியது மணிக்கட்டில் தெரிந்தது. கை ஆடினால் அந்தத் தகடு சுற்றும், சுற்றினால் உள்ளே வில் முறுகும், வில் முறுகினால் கடிகாரம் ஓடும். பதினொரு வருடம் நாம் இருவரும் உட்கார்ந்து பேசித் தீர்த்த விஷயம்தான் இது. தெரிந்து வைத்திருந்தும் எனக்குப் புரியாமல் போனதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுதி என்ன ஆகப் போகிறது என்று கேட்காதீர்கள். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி இந்த மலைக்கு வந்த புதிது. சுகாதார நிலையத்தில் மருந்து கொடுக்கும் ஜன்னலில் உட்கார்ந்து, தினமும் போல என் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தேன். வரிசையில் நின்ற நீங்கள் சீட்டை நீட்டாமல் தலையை உள்ளே நீட்டினீர்கள். "ஏனுங்க, சாவி குடுக்கற கடிகாரமுங்களா? ஒருக்கா காதுல வெச்சுப் பாக்கட்டுங்களா?" பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு டிக் டிக்கைக் கேட்டுவிட்டு, உங்கள் இடது கையைக் காட்டினீர்கள். மிளகு விற்ற கையோடு சேலத்தில் பழைய கடிகாரக் கடையில் வாங்கிய ஆட்டோமேட்டிக். "உங்குளுதுக்குத் தினமும் நீங்க ஊட்டி உடோணும் சாமி. என்னுது அப்படியில்லீங்க. நான் உழைச்சா அதுவும் தின்னுக்கும்" என்றீர்கள். உங்கள் வயிற்று வலிக்கு மாத்திரை வாங்காமலேயே போய்விட்டீர்கள். நான்தான் ஓடி வந்து கொடுத்தேன்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் சோளக்காட்டுச் சந்தைதான். டீக்கடை பெஞ்சில் இரண்டு கடிகாரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, செல்போனைப் பார்த்து நொடிக் கணக்குப் போடுவோம். உங்களுடையது முந்தினால், மிளகு பறிக்க மரம் ஏறும்போது வேண்டுமென்றே கையை ஆட்டுகிறீர்கள் என்று நான் சண்டைக்கு வருவேன். என்னுடையது பிந்தினால், "பட்டினி போட்டுட்டீங்களாட்ட இருக்குது" என்பீர்கள். எதிரே வாழைத்தாரும் பலாவும் போட்டு விற்கும் உங்கள் வீட்டுக்காரம்மா அங்கிருந்தே சத்தம் போடுவார்: "ரெண்டு பேரும் மணியப் பாத்துப் பாத்தே பஸ்ஸ உட்டுப்புடுங்க!" சொன்னபடியே இரண்டு முறை விட்டிருக்கிறோம்.

இந்தத் தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கடிகாரத்தைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தீர்கள். "காலைல எந்திரிச்சுப் பாத்தா நின்னு கெடக்குது சாமி. தெனமும் இப்படித்தான்."

எனக்கு அப்போது என்ன வந்தது தெரியுமா? சந்தோஷம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷம்தான் வந்தது. கண்டுபிடிக்க ஒரு கோளாறு கிடைத்துவிட்டதல்லவா. எண்ணெய் காய்ந்திருக்கும், வில் வழுக்கும், தகட்டின் திருகு தளர்ந்திருக்கும் என்று அடுக்கினேன். அன்றைக்கே வாங்கிக்கொண்டு போய்ச் சேந்தமங்கலத்தில் நமக்குப் பழக்கமான கடிகாரக் கடையில் கொடுத்தேன். அவர் பிரித்துத் துடைத்து எண்ணெய் போட்டு, ஒரு வாரம் தன் கையிலேயே கட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "ஒரு கொறையும் இல்லீங்க. கட்டறவரு கைய ஆட்டறாருங்களா?" என்று கேட்டார்.

அதை நான் உங்களிடம் கேலியாகச் சொன்னேன். "வேலை வெட்டி செய்கிறீர்களா இல்லையா என்று கடைக்காரர் சந்தேகப்படுகிறார்" என்றேன். நீங்களும் சிரித்தீர்கள். "ஆமாங்க, இப்பெல்லாம் ஆளுங்கள மரத்துல ஏத்தி உட்டுட்டுக் கீழ உக்காந்துக்கறேன்" என்றீர்கள். முதலாளி ஆகிவிட்டீர்கள் என்றேன். அதற்கும் சிரித்தீர்கள். சிரித்து முடித்து மூச்சு வாங்கினீர்கள். டீ சூடு என்று நினைத்துக்கொண்டேன். மருந்துப் படிப்புப் படித்தவன் நான். டீ சூடு என்று நினைத்தேன்.

அடுத்த வியாழக்கிழமை ஜன்னலுக்கு வந்தீர்கள். கையில் சீட்டில்லை. "மறுபடியும் நின்னு போச்சுங்க சாமி" என்று இடது கையை உள்ளே நீட்டினீர்கள். கூட்டமான நேரம். கழற்றி என் கையில் கட்டிக்கொண்டு, "இரண்டு நாள் நான் கட்டிப் பார்க்கிறேன், ஞாயிற்றுக்கிழமை தீர்ப்பு சொல்கிறேன்" என்றேன். வெள்ளிக்கிழமை ஓடியது. சனிக்கிழமை காலையும் ஓடியது. எண்ணெய் இப்போதுதான் உள்ளே பரவியிருக்கிறது போல என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். சனிக்கிழமை மத்தியானம் உங்கள் ஊரான அரியூர் நாட்டிலிருந்து போன் வந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தோட்டத்திலேயே சாய்ந்துவிட்டீர்கள் என்றார்கள்.

ஜீப்பில் வரும்போது ஒரு வளைவில் கம்பியைப் பிடிக்கக் கையை நீட்டினேன். சர்ரென்று தகடு சுற்றியது. அப்போதுதான் எல்லாம் விளங்கியது. கடிகாரத்துக்கு ஒன்றுமே ஆகவில்லை. ஒரு மாதமாக அது உங்களைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருந்தது. நான் உங்களை மருத்துவரிடம் அழைத்துப் போகாமல் அதைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

காரியம் முடிந்ததும் அதை உங்கள் வீட்டுக்காரம்மாவிடம் நீட்டினேன். "ஓடாத கடிகாரம் எனக்கெதுக்குங்க சார், நீங்களே வெச்சுக்குங்க" என்றார். ஏறெடுத்துப் பார்க்கவில்லை. என் உள்ளங்கையில் அது ஓடிக்கொண்டிருந்தது. அதன்பிறகு எப்போது பார்த்தாலும் கேட்பார்: "அது சரியாச்சுங்களா?" "இன்னும் இல்லீங்க" என்பேன். ஓடுகிறது என்று சொன்னால் அடுத்த கேள்வி என்னவென்று எனக்குத் தெரியும். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் கழற்றிவிட்டுத்தான் சோளக்காட்டுக்குப் போவேன். ஒருமுறை நிற்கட்டும் என்று அலமாரியில் போட்டேன். மூன்றாம் நாள் நின்றுபோய்க் கிடந்ததைப் பார்த்ததும் தாங்கவில்லை. எடுத்துக் கட்டிக்கொண்டு, பைத்தியக்காரன் போலக் கையை ஆட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கழற்ற மறந்துவிட்டேன். வாழைப்பழச் சீப்பை வாங்கக் கையை நீட்டியபோது சட்டை மேலே ஏறிவிட்டது. உங்கள் வீட்டுக்காரம்மா சீப்பை விடாமல் பிடித்துக்கொண்டு என் மணிக்கட்டையே பார்த்தார்.

"ஓடுதுங்களே."

"ஆமாங்க."

"எப்பருந்துங்க?"

"அவர் கழற்றிக் கொடுத்த அன்றிலிருந்துங்க. அதில் கோளாறே இல்லை. எனக்குத்தான் புரியவில்லை" என்றேன். சந்தையில் ஆட்கள் இருக்கிறார்கள் என்றுகூட நினைக்காமல் அழுதேன். திட்டுவார், பழத்தைத் தூக்கி எறிவார் என்று எதிர்பார்த்தேன். அப்படிச் செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவர் சீப்பைக் கீழே வைத்தார். "எங்கிட்டச் சொன்னாருங்க. இந்தக் கை கனக்குது புள்ளேன்னு சொன்னாரு. இரும்பக் கட்டிக்கிட்டுத் திரிஞ்சா கனக்காம என்ன பண்ணும், அதக் கழட்டிக் குடுத்துட்டு வாங்கன்னு நாந்தான் உங்ககிட்ட அனுப்புனேன்."

பஸ் வந்து நின்று, ஆட்கள் இறங்கி, பஸ் போனது. பிறகு, "குடுங்க" என்று வாங்கித் தன் இடது கையில் வளையலுக்கு மேலே கட்டிக்கொண்டார். தொளதொளவென்று முழங்கை வரை ஓடியது. "எங்கை ஆடற கை. நின்னா எனக்குத் தெரியுமுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்குப் பலா நிறுக்கத் திரும்பினார்.

என் கையில் இப்போது அந்த இடம் வெறுமையாக இருக்கிறது. அது போய்விட்டால் பாரம் குறையும் என்று நினைத்திருந்தேன், குறையவில்லை. ஜன்னலில் யார் வந்தாலும் சீட்டைப் பார்ப்பதற்கு முன் "கை கனக்குதுங்களா?" என்று கேட்கிறேன். குழந்தைக்கு இருமல் மருந்து வாங்க வந்தவர்களிடமும் கேட்கிறேன். மருந்துக்காரருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பேசிக்கொள்கிறார்களாம். பேசட்டும். கேட்க வேண்டிய ஒருவரிடம் நான் கேட்கவில்லை. இதே ஜன்னலில்தான் நீங்கள் கையை நீட்டினீர்கள். நான் கடிகாரத்தை மட்டும் கழற்றிக்கொண்டேன்.