வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது

கிளென் ஈடன்,
ஒக்லாந்து.
17.8.1986

அன்பு மகன் சோதிலிங்கத்துக்கு அம்மா எழுதுவது. நல்லூர்க் கந்தன் புண்ணியத்தில் நானும் மலர் அக்காவும் அத்தானும் பிள்ளையும் சுகமாக இருக்கிறோம். நீயும் அப்படியே இருக்கிறாய் என்று உன் வாயால் கேட்டால்தான் என் நெஞ்சு ஆறும். இங்கே குளிர் இன்னும் விடவில்லை, அக்கா இரண்டு காலுறை போட்டுவிடுகிறாள், அப்படியும் முழங்கால் குத்துகிறது. அத்தானுக்கு ஈஸ்ட் டாமாக்கியில் வேலை, இருட்டோடு போய் இருட்டோடு வருகிறார். அது கிடக்கட்டும்.

நேற்று அக்கா என்னை ரவுனில் மியூசியத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வீட்டுக்குள்ளேயே இருந்து யோசித்து யோசித்து உருகாதையுங்கோ அம்மா, வாங்கோ என்று ஒரே பிடிவாதம். முந்நூறு வருடத்துக்கு முந்தி இருந்த ஓர் ஒல்லாந்துக்காரர் கீறின படங்களாம். ஒல்லாந்தர் என்றால் எனக்குத் தெரிந்தது அவர்கள் கட்டின எங்கள் யாழ்ப்பாணக் கோட்டைதான், அதற்குள்ளே இப்போது ஆமி இருக்கிறது என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. வாசலில் சீருடை போட்ட ஒருவர் என் பையைக் காட்டிக் கை நீட்டினார். நான் ஊரில் ஆமி மறிக்கிற நினைப்பில் பையைத் திறந்து அடையாள அட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டுக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். அந்த மனிசன் பாவம், பையை இங்கே வைத்துவிட்டுப் போகலாம் என்றுதான் சொல்லியிருக்கிறார். அக்காவுக்கு முகம் செத்துப்போய்விட்டது.

உள்ளே ஒரே இருட்டுப் படங்கள், முகத்தில் மட்டும் வெளிச்சம். அங்கே விளக்கிச் சொல்லுகிற வெள்ளைக்காரப் பெண் சொன்னதை அக்கா எனக்குத் தமிழில் சொன்னாள். முகத்தைப் பார்க்க முந்தி வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பாருங்கோ, ஜன்னல் எங்கே, விளக்கு எங்கே என்று நிழலே காட்டிக் கொடுக்குமாம். நானும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. ஒரு படத்தில் உன் வயதுப் பெடியன், தாடி இப்போதுதான் அரும்புகிறது, கீழே இருந்து மெழுகுதிரி வெளிச்சம், நாடியும் மூக்குநுனியும் துலக்கம், கண் இரண்டும் குழி. தம்பி, இந்த வெளிச்சத்தை நான் வேறு ஒரு முகத்தில் பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் சாமிப் படத்தடியில் வைத்திருக்கும் உன் போட்டோவை எடுத்தேன். போன மாதம் நீ அனுப்பியது, கொழும்பில் உன் வெள்ளவத்தை அறையில் எடுத்தது என்று எழுதியிருந்தாய். வெளிச்சம் கீழே இருந்து, இடப் பக்கமாக வருகிறது. உன் நிழல் பின்னால் பெரிதாக எழும்பி நிற்கிறது. அந்த அறையை நான் வந்து பார்த்திருக்கிறேன், ஜன்னல் கடல் பக்கம், லைற் தலைக்கு மேலே. உனக்குப் பின்னால் இருப்பது சுவர் இல்லை, தென்னோலைக் கிடுகு. இத்தனை நாளாய் உன் சிரிப்பை மட்டும் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன். கரண்ட் போயிருக்கும், சும்மா பயப்பிடாதையுங்கோ என்கிறாள் அக்கா. சொல்லிவிட்டு அவளும் போட்டோவைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறாள். கரண்ட் போகலாம், சுவர் எங்கே போகும்? வீட்டுக்குச் சொல்லாமல் காட்டுக்குப் போன ஊர்ப் பெடியள்தான் ஞாபகத்தில் வருகிறார்கள், எனக்குச் சோறு இறங்கவில்லை தம்பி, பயமாக இருக்கிறது.

ஹென்டர்சனில் இருக்கிற இராசரத்தினம் மாமா தாயைப் பார்க்கக் கொழும்புக்கு வருகிறார். இதைத் தபாலில் போடப் பயந்து அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். நீ எங்கே, யாரோடு என்று நான் கேட்கவில்லை, நீயும் எழுதாதே. எங்கே இருந்தாலும் அவர் நிற்கிற நாட்களுக்குள் அந்த அறைக்கு வந்து சேர். வராவிட்டால் இதை நீ வாசிக்கவே மாட்டாய் என்று தெரியும், என்றாலும் எழுதுகிறேன். உன் விசாவுக்கு அத்தான் ஓடித் திரிகிறார். நேரத்துக்குச் சாப்பிடு, சளி பிடித்தால் கொத்தமல்லி அவித்துக் குடி. முருகன் உன் தலைமாட்டில் நின்று காப்பான்.

மறந்துவிடாதே. தம்பியின் கையில் மட்டும் கொடுங்கோ, அறையில் இருக்கிற வேறு பெடியள் கேட்டாலும் கொடாதையுங்கோ, அவன் இல்லையென்றால் திருப்பிக் கொண்டு வாங்கோ என்று மாமாவிடம் சொல்லியிருக்கிறேன். இந்தக் கடிதத்தை நானே திரும்ப வாங்கும்படி வைத்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
அன்னபாக்கியம்