நடுவர் அப்துல் முத்தலிப் அன்று குடித்திருக்கவில்லை

அனுப்புநர்
வஹீதுன்னிசா,
க/பெ அப்துல் முத்தலிப்,
பள்ளிவாசல் பின்தெரு,
பூந்தமல்லி.

பெறுநர்
மாவட்ட விளையாட்டு அலுவலர் அவர்கள்,
திருவள்ளூர் மாவட்டம்.

பொருள்: முத்தாபுதுப்பேட்டை கால்பந்துப் போட்டியில் மயங்கிய நடுவர் போதையில் இருந்ததாக எழுதப்பட்ட குறிப்பை நீக்கவும், நடுவர்களின் அவசர மருத்துவ விவரங்களை மைதானத்தில் வைத்திருக்க உத்தரவிடவும் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் அப்துல் முத்தலிப் திருமழிசை தொழிற்பேட்டையில் மெஷின் ஆபரேட்டராக வேலை செய்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் கால்பந்து நடுவர். தேர்வு எழுதித் தேறி, முறைப்படி பதிவு செய்துகொண்டவர். அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு, தினமும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்வார். ஊசி போட்டபின் நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் சர்க்கரை இறங்கிவிடும். குடிப்பழக்கம் எந்நாளும் கிடையாது.

2. கடந்த ஆகஸ்ட் மாதம் ஒரு ஞாயிறன்று, முத்தாபுதுப்பேட்டையில் ஒரு தனியார் குழு நடத்திய போட்டிக்குப் போனார். காலையில் ஊசி போட்டு, இட்லி சாப்பிட்டு, மதியத்துக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டுதான் கிளம்பினார். அவருக்குக் கொடுத்திருந்தது இரண்டு ஆட்டங்கள். மூன்றாவது ஆட்டத்தின் நடுவர் வராததால், போட்டியை நடத்திய திரு. ஹேமநாதன், "அண்ணாத்தே, இந்த ஒரு மேட்ச மட்டும் ஊதிக் குடுத்துடு, அப்பால துன்னலாம்" என்று கேட்டிருக்கிறார். இவரும் சரி என்றிருக்கிறார். சாப்பாடு, குளுக்கோஸ் பொட்டலம், ஆஸ்பத்திரி சீட்டு, செல்போன் எல்லாம் பையில் இருந்தன. பை, பூட்டிய அறையில் இருந்தது.

3. பிறகு நடந்ததை, அன்று துணை நடுவராகக் கோட்டருகே நின்ற திரு. ஜீவா என்பவர் வீட்டுக்கு வந்து சொன்னார். இரண்டாம் பாதியில் என் கணவருக்கு வேர்த்துக் கொட்டியிருக்கிறது. கோல் கிக் கொடுக்க வேண்டிய இடத்தில் கார்னர் கொடுத்தார். ஆட்டக்காரர்கள் சூழ்ந்துகொண்டு கேட்டபோது நாக்கு குழறியது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள், "இன்னா ரெஃப்ரி, காலையிலயே ஏத்திகினு வந்துட்டியா?" என்று சிரித்தார்கள். சிலர் செல்போனில் படம் எடுத்தார்கள்.

4. திரு. ஹேமநாதன் அவரைக் கையைப் பிடித்து இழுத்துப் போய்ச் சாமியானாவுக்குப் பின்னால் படுக்க வைத்துத் தலையில் தண்ணீர் ஊற்றினார். ஜீவா அருகில் குனிந்து பார்த்துவிட்டு, "வாசனையே இல்லண்ணா, வேற இன்னாவோ கீது" என்று சொல்லியிருக்கிறார். "போத எறங்குனா தானா எந்திரிப்பான். நீ போய் லைன பாரு நைனா" என்பது அவருக்குக் கிடைத்த பதில். வேறொருவர் விசிலை வாங்கிக்கொண்டார். ஆட்டம் தொடர்ந்தது.

5. என் கணவர் படுத்திருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே ஆட்டக்காரர்களுக்குக் குளுக்கோஸ் கரைத்து வைத்த வாளி இருந்ததாம். அப்போது அவருக்கு விழுங்கும் அளவுக்கு நினைவு இருந்தது. ஒரு டம்ளர் கொடுத்திருந்தால் போதும் என்று பின்னால் டாக்டர் சொன்னார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நானும் கேட்டுக்கொண்டேன்.

6. கோப்பை கொடுத்து முடித்து, நாற்காலிகளை அடுக்க வந்தவர்கள்தான் அவருக்கு வலிப்பு வந்திருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். ஆம்புலன்ஸில் வந்தவர்கள் விரலில் குத்திப் பார்த்ததும் சர்க்கரை மிகவும் இறங்கிவிட்டது என்றார்கள். மற்ற விவரம் கேட்டதற்கு யாருக்கும் தெரியவில்லை. விளையாட வந்த ஒவ்வொருவருக்கும் ரத்த வகை, நோய், வீட்டு நம்பர் எல்லாம் வாங்கி வைத்திருந்தார்கள். இவரிடம் எதுவும் வாங்கவில்லை. இவர் எல்லாருக்கும் வெறும் ரெஃப்ரி. ஆஸ்பத்திரியிலும் 'ரெஃப்ரி, ஆண்' என்றே பதிந்தார்கள்.

7. எங்களுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. கல்லூரியில் படிக்கும் எங்கள் மகள் மஹீராவின் வாட்ஸப்புக்கு, உடன் படிக்கும் பெண் ஒருத்தி, படத்தில் இருப்பது இவள் அப்பா என்று தெரியாமல், சிரிப்பதற்காக ஒரு வீடியோ அனுப்பினாள். 'ரெஃப்ரி ஃபுல்லு' என்று எழுதியிருந்தது. மஹீரா அதை இரண்டு முறை பார்த்துவிட்டு என்னிடம் கொண்டுவந்து, "அம்மா, இது அத்தாதானே?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அந்த வீடியோவில் தெரிந்த பேனரில் இருந்த நம்பருக்குப் போன் செய்துதான் அவர் எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று தெரிந்துகொண்டோம்.

8. அவர் உயிரோடு இருக்கிறார். மூளை பாதிக்கப்பட்டுள்ளது. என்னைத் தெரிகிறது. மஹீராவைச் சில நாள் தெரிகிறது, சில நாள் தன் தங்கை பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். குக்கர் விசில் அடித்தால் கையை உயர்த்துகிறார். வேலை போய்விட்டது.

9. திரு. ஹேமநாதனைப் போய்ப் பார்த்தேன். "நாங்க இன்னாம்மா பண்றது? ஆட்றவனுக்குத்தான் ஃபாரம் வாங்குவோம். சுகர் கீதுன்னு அவரே சொல்லிருக்கணும்" என்றார். அவர் சொன்னதில் ஒரு பாதி உண்மை. என் கணவர் சொல்லவில்லை. சில வருடங்களுக்கு முன் வேறொரு குழுவிடம் சொன்னார். அதற்குப் பிறகு அவர்கள் அவரைக் கூப்பிடவே இல்லை. அதிலிருந்து யாரிடமும் சொல்வதை விட்டுவிட்டார்.

10. அன்றைய போட்டி பற்றி நடுவர் சங்கத்துக்குத் திரு. ஹேமநாதனின் குழு அனுப்பிய கடிதத்தில் 'நடுவர் போதையில் இருந்தபடியால் பாதியில் மாற்றப்பட்டார்' என்று உள்ளது. ஆஸ்பத்திரி அறிக்கையைக் காட்டியும் மாற்ற மறுக்கிறார்கள். எழுதியது எழுதியதுதான் என்கிறார்கள்.

எனவே தங்களைக் கேட்டுக்கொள்வது:

அ) மாவட்டத்தில் எந்த மைதானத்தில் போட்டி நடந்தாலும், ஆட்டக்காரர்களிடம் வாங்குவது போலவே நடுவர், துணை நடுவர், ஸ்கோர் எழுதுபவர் அனைவரிடமும் பெயர், வீட்டு நம்பர், ரத்த வகை, நோய், சாப்பிடும் மருந்து ஆகியவற்றை எழுதி வாங்க வேண்டும். அது பூட்டிய அறையில் இல்லாமல், முதலுதவி செய்பவர் கையிலேயே இருக்க வேண்டும்.

ஆ) அந்த விவரத்தை உறையிலிட்டு ஒட்ட வேண்டும்; ஆபத்து நேரம் தவிர வேறு நேரத்தில் யாரும் அதைப் பிரிக்கக் கூடாது. நோயைக் காரணம் காட்டி யாருக்கும் ஆட்டம் மறுக்கக் கூடாது. இது இல்லாவிட்டால் என் கணவரைப் போன்றவர்கள் மறுபடியும் சொல்லாமல்தான் இருப்பார்கள்.

இ) நடுவர் தடுமாறினால், குடித்திருக்கிறார் என்று முடிவு செய்யும் முன் அந்த விவரத்தைப் பார்க்க வேண்டும்.

ஈ) மேலே சொன்ன குறிப்பை நீக்கி, உடல்நலக் குறைவால் மாற்றப்பட்டார் என்று திருத்தித் தர வேண்டும்.

திரு. ஹேமநாதனைத் தண்டிக்கும்படி நான் கேட்கவில்லை. கேட்கும் அளவுக்கு எனக்குள் கோபம் வரவில்லை. வர வேண்டும் என்று உறவினர்கள் சொல்கிறார்கள்.

திருத்திய கடிதத்தை என் பெயருக்கு அனுப்ப வேண்டாம். 'அப்துல் முத்தலிப், கால்பந்து நடுவர்' என்று உறையின் மேல் எழுதி அனுப்பி உதவ வேண்டுகிறேன். அவருக்குப் படித்தால் புரியாது. மஹீரா படித்துக் காட்டுவாள்.

தங்கள் நடவடிக்கையை எதிர்பார்த்திருக்கும்,

(ஒப்பம்)
வஹீதுன்னிசா

இடம்: பூந்தமல்லி
நாள்: 18.11.2024

இணைப்பு: மருத்துவமனை அறிக்கை நகல், நடுவர் பதிவுச் சான்று நகல், திரு. ஜீவா கையெழுத்திட்ட வாக்குமூலம்.