கீரை விதை வைத்த வாழ்த்து அட்டை

அக்டோபர் 7, திங்கள்

ஏரியிலிருந்து எங்கள் தாள் பட்டறைக்கு ஆறு சாக்கு ஆகாயத்தாமரை வந்தது. தண்டை நறுக்கி, வேகவைத்து, இடித்துக் கூழாக்கியது நான். கூழைச் சல்லடையில் அள்ளித் தாளாக எடுத்ததும் நான். அந்த ஈரத்தாளின் மேல் அவினோ இரண்டு சிட்டிகை கீரை விதையைத் தூவினாள். அவ்வளவுதான். அட்டை வாங்க நைரோபியிலிருந்து வந்தவர்கள் அவளைத்தான் படம் எடுத்தார்கள்! வாழ்த்தைப் படித்துவிட்டு அட்டையை மண்ணில் புதைத்தால் கீரை முளைக்குமாம், குப்பையே சேராதாம். எங்கள் குழுத் தலைவி நெரியா அக்கா உடனே சொல்லிவிட்டார்: "அபோண்டி, இந்த கிறிஸ்துமஸுக்கு எல்லாமே விதை அட்டைதான்."

நான் வந்து பதினோரு வருஷம். அவள் வந்து எட்டு மாதம். எழுதும்போதே வயிறு எரிகிறது. எரியட்டும்.

அக்டோபர் 8

"வாழ்த்தை வாசிச்சுட்டு உகாலிக் களிக்குத் தொட்டுக்கலாம்" என்று கிண்டல் செய்தேன். அவினோ மட்டும் சிரித்தாள். அதுவும் பிடிக்கவில்லை.

அக்டோபர் 13, ஞாயிறு

என் மகள் குவின்டரின் பள்ளி விடுதியில் ஜெபநாள். பள்ளி இறுதிப் பரீட்சைக்கு முன் பெற்றோர் போய்ப் பார்க்கும் நாள். கோழிக் குழம்பும் சப்பாத்தியும் கொண்டுபோனேன். யாருக்கு எத்தனை பரீட்சை வாழ்த்து அட்டை என்று பிள்ளைகள் எண்ணிக்கொண்டிருந்தார்கள். பக்கத்துப் பெண்ணுக்குப் பாட்டுப் பாடுகிற பேட்டரி அட்டை. பாதிப் பாட்டிலேயே இழுத்தது; நாளைக்குக் குப்பைத்தொட்டிக்குப் போய்விடும்.

நான் செய்த அட்டையைப் பிரித்தாள். "நல்லாருக்கும்மா." அவினோ கொடுத்தனுப்பியதைப் பிரித்தாள். "ஐயோ, இது முளைக்குமா!" என்று கத்திக்கொண்டு தோழிகளிடம் ஓடிவிட்டாள். குழம்பு ஆறிப்போனது.

அவினோவுக்குப் பிள்ளை இல்லை, பாவம்தான். அதற்கு என் பிள்ளையா கிடைத்தது? எனக்கு இருப்பது ஒன்றே ஒன்று. அதன் கண்ணும் அந்தப் பக்கம் போய்விட்டால் — எனக்கு என்ன இருக்கு?

அக்டோபர் 17, வியாழன்

விடாத மழை. 26ஆம் தேதி குவின்டருக்குப் பதினெட்டு முடிகிறது. காலையில் அவினோ ஈரத்தாளில் பல்குச்சியால் விதைகளைத் தள்ளித் தள்ளி குவின்டரின் பெயரை எழுதினாள். "முளைச்சா பேரே எழுந்து நிக்கும், குவின்டர் அம்மா." பிறகு தங்கைக்கு உடம்பு சரியில்லை என்று சியாயாவில் இருக்கும் அவள் வீட்டுக்குக் கிளம்பினாள். போகும்போது சொன்னாள்: "இதுக்கு மட்டும் இஸ்திரி வேணாம். சூடு பட்டா விதை செத்துப்போகும். நிழல்ல நாலஞ்சு நாள் கிடக்கட்டும்."

மழைக்காலத்தில் மற்ற தாள்களைக் கரி இஸ்திரிப் பெட்டி வைத்துத்தான் காயவைப்போம். கைப் பழக்கத்தில் தேய்த்துவிட்டேன் என்று யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம். இங்கே எதற்குப் பொய்? தெரிந்துதான் செய்தேன். மேலே துணி போட்டு, பெயர் இருந்த இடத்தில் அழுத்தி, இரண்டு தடவை. எள் வறுத்த மாதிரி வாசனை வந்தது.

அக்டோபர் 21, திங்கள்

அவினோ வந்துவிட்டாள். "அதுக்குள்ள இப்படி மொடமொடன்னு காஞ்சிடுச்சா?"

"காத்து அடிச்சுது" என்றேன். நம்பிவிட்டாள். மடித்து, உள்ளே என்னவோ எழுதி, ஒட்டி, மட்டாட்டு வண்டியில் விடுதிக்கு அனுப்பினாள். என்னிடம் காட்டவில்லை. காட்டாவிட்டால் போகிறாள்.

நவம்பர் 3, ஞாயிறு

விடுதிக் காப்பாளரின் போனிலிருந்து குவின்டர் பேசினாள். பிறந்தநாளுக்குத் தோழிகள் தலையில் மூன்று வாளி தண்ணீர் கொட்டினார்களாம். ஒரே சிரிப்பு. பிறகு குரல் இறங்கியது.

"ஜெபநாளுக்கு அவினோ ஆன்ட்டி குடுத்த அட்டை நாலே நாள்ல முளைச்சுதும்மா. உன்னோடது எட்டு நாளா அப்படியே கிடக்கு."

"என்னோடதா?"

"பிறந்தநாளுக்கு நீ அனுப்பினதுதான். 'நீ பிறந்த அன்று ஏரி நம் வாசல் வரைக்கும் வந்தது. உன்னைப் பார்க்கத்தான் வந்தது — அம்மா'ன்னு எழுதியிருந்தியே. மனப்பாடமாயிடுச்சு எனக்கு."

கூழ் இடிக்கும்போது எப்போதோ நான் வாய்விட்டுச் சொன்னது அது. பக்கத்தில் இருந்தவள் அவினோ.

"சொத்தை விதையாம்மா? நாளைக்குக் கணக்குப் பரீட்சை. என் பேரு எழும்பலைன்னா என்னமோ மாதிரி இருக்கு."

"எழும்பும்டி" என்றேன். அடிப்பாவி அபோண்டி, வேற என்ன சொல்வே நீ? உன் கையாலேயே சுட்டியே!

நவம்பர் 4, திங்கள்

அவினோவிடம் சொல்லிவிட்டேன். கூழ்த்தொட்டிக்குள் இருந்த கையை அவள் எடுக்கவில்லை.

"ரெண்டு தடவையா?"

"ஆமா. ஏன் என் பேரைப் போட்டே?"

"ஜெபநாளுக்கு மறுநாள் உங்க முகத்தைப் பார்த்தேன்." கூழைக் கலக்கினாள். "என் பேர்ல போயிருந்தா பழியாவது எனக்கு வந்திருக்கும்."

பிறகு சல்லடையைத் தூக்கிக்கொண்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டாள்.

நவம்பர் 15

அவினோ இன்னும் என்னோடு பேசவில்லை. நியாயம்தான்.

நவம்பர் 23, சனி

பரீட்சை முடிந்து குவின்டர் வீட்டுக்கு வந்தாள். தகரப் பெட்டியை இறக்கி வைப்பதற்குள் சொல்லிவிட்டேன். தள்ளிப்போட்டால் சொல்லமாட்டேன் என்று என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "எனக்குப் போற அட்டைன்னு தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுதான்."

நேரே அவினோ வீட்டுக்குப் போய்விட்டாள்.

நவம்பர் 25, திங்கள்

குவின்டர் இரண்டு நாளாக வீட்டுக்கு வரவில்லை. மதியம் அவளுடைய உடுப்புகளைத் துவைத்து மடித்து எடுத்துக்கொண்டு நானே போனேன். என் மகளின் துணியை அந்த வீட்டுக்கு நானே சுமந்துகொண்டு போகிறேன்! இரண்டு தடவை திரும்பிவிடப் பார்த்தேன்.

அவினோதான் கதவைத் திறந்தாள். மூட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "வெளிய நிக்காதீங்க. சாப்பிட்டுக்கிட்டிருக்கோம், உள்ள வாங்க."

உட்கார்ந்தேன். குவின்டர் நிமிர்ந்து பார்க்கவில்லை. சட்டியில் ஏரி மீன், பெரியது. எங்கள் வீட்டில் மீன் தலை எப்போதும் எனக்குத்தான். அவள்தான் எடுத்து வைப்பாள். இன்றைக்கும் தலையைக் கரண்டியில் எடுத்தாள். கரண்டி நடுவில் நின்றது. அவினோவின் தட்டில் வைத்தாள்.

வயிறு எரிந்தது. எழுந்து போகவில்லை. கிடைத்த வால் துண்டைச் சாப்பிட்டேன்.