தானியேலின் வாங்கில் ஈரம்

என் அன்பு அண்ணா,

கல்லறைக்கு வந்து இதைச் சொல்லலாம் என்றால், நீங்கள் அங்கே இருப்பதாகவே தெரியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

வவுணதீவுப் பக்கமிருந்து காற்று எழும்பிய அன்று, போகாதே என்று எல்லோரும் தடுத்தும் தானியேல் வாவியில் வலை எடுக்கப் போனான். அவனைத் தேடி நீங்கள் தோணியைத் தள்ளினீர்கள். கவிழ்ந்த உங்கள் தோணியைப் பிடித்தபடி அவன் கரைசேர்ந்தான். உங்கள் உடல்தான் வந்தது. அதன்பிறகு நம் சபையில் யாரும் அவனோடு ஒரே வாங்குப் பலகையில் உட்காருவதில்லை. கடைசி வாங்கின் நடுவில் தனியே இருக்கிறான். அவனை யாரும் திட்டவில்லை, ஆராதனைக்கு வராதே என்றும் சொல்லவில்லை. நாங்கள் நல்ல கிறிஸ்தவர்கள் அல்லவா?

சில மாதங்களாக அந்த வாங்கில், அவனுக்கு இடப்பக்கம், ஓர் ஆள் இருக்கும் அளவுக்கு ஈரம். கூரை ஒழுகுகிறது என்று உபதேசியார் ஓடு மாற்றினார். மழையே இல்லாத காலத்தில் ஓடு மாற்றியதை நினைத்தால் சிரிப்பு வருகிறது, சிரிக்கப் பயமாகவும் இருக்கிறது. நான் தொட்டு முகர்ந்து பார்த்தேன். வாவித் தண்ணீர்.

உயிரோடு இருந்தபோது, எல்லோரும் ஆமென் சொல்லி முடித்த பிறகுதான் நீங்கள் சொல்வீர்கள். அதற்கு எவ்வளவு கேலி செய்திருப்பேன்! இப்போதும் உங்கள் ஆமென் பின்னாலிருந்து, பிந்தித்தான் வருகிறது. எல்லோருக்கும் கேட்கிறது, ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அடக்கத்தன்று உங்களுக்கு இளைப்பாறுதல் கேட்டுத்தானே ஜெபித்தோம்? ஏன் இளைப்பாறவில்லை?

கூட இருப்பவனை நேசிக்காத விசுவாசம் வெறும் சத்தம் என்பீர்கள். தானியேலுக்குப் பக்கத்தில் இருக்க உயிருள்ளவர் ஒருவரும் இல்லாததால் நீங்களே வந்து இருக்கிறீர்கள். அப்படியானால் எங்களில் செத்தவர் யார் அண்ணா?

போன ஞாயிறு, சமாதானம் சொல்லிக் கைகொடுக்கும் நேரத்தில் எழுந்து பின்னால் போனேன். அவன்மேல் இருந்த கோபம் போய்விடவில்லை, உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன்.

"கொஞ்சம் பொறுங்க தங்கச்சி," என்றான் தானியேல், தலை நிமிராமல். "அதில அண்ணன் இரிக்கிறார்."

"ஓம், தெரியும். அவர எழும்பச் சொல்லுங்க. இனி நான் இரிக்கன்."

உட்கார்ந்தேன். சேலை நனையவில்லை. பலகை காய்ந்து, யாரோ இப்போதுதான் எழும்பிப் போன இடம் போலச் சூடாக இருந்தது. அவன் கையைப் பிடித்தேன். அவன் அழுதான், நானும் அழுதேன்.

இனி நிம்மதியாகப் போய்விடுவீர்கள் என்று நினைத்தேன். ஆராதனை முடிந்து எல்லோரும் ஆமென் சொன்னோம். பிறகு உங்களுடையது வந்தது. குனிந்து பார்த்தேன். தானியேலின் வலப்பக்கத்தில் பலகை மெல்ல நனைந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம் இன்னும் காலியாகத்தானே இருக்கிறது!

அன்று பின்னேரமே உங்கள் மனைவியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். "அவன் இரிக்கிற வாங்கில எனக்கென்னகா வேல?" என்று மச்சாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு, திரும்பிப் பார்க்காமலே, "எந்தப் பக்கம் எண்டு சொன்ன நீ?" என்று கேட்டார்.

அவரைக் கூட்டிக்கொண்டு வருவேன் அண்ணா, இது என் வாக்கு. அதுவரை எழும்பிவிடாதீர்கள். மச்சாளுக்கு இடம் பிடித்து வையுங்கள்.

தானியேலுக்கு மறுபக்கம் இருக்கும்,
உங்கள் தங்கச்சி