ஓட்டை விழுந்த பக்கத்தை மீனா படித்தாள்

என் செல்ல அப்பாவுக்கு,

நீங்கள் கண்ணை மூடிய பிறகு இரண்டாவது துர்கா பூஜை நெருங்குகிறது. இந்த வங்காளத்து டாக்குரியாவில் அதே வீடு, அதே லோட்ஷெட்டிங் இருட்டு. அம்மா ஓரளவு தேறிவிட்டாள். நான் இன்னும் எம்.ஏ. சைக்காலஜியைக் கட்டிக்கொண்டு அழுகிறேன். ஆனால் இன்று நடந்ததை உங்களிடம் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்காது.

என் ஆராய்ச்சிக்கு முதல் ஆள் நீங்கள்தானே? படிக்கும்போது கண் நேராக ஓடாது, தாவித் தாவி நிற்கும், பழகாத எழுத்தென்றால் இன்னும் அதிகமாக நிற்கும் என்றேன். "எங்கே, பாரு" என்று உட்கார்ந்தீர்கள். தாளின் நடுவில் ஓட்டை போட்டு, தாளுக்குப் பின்னாலிருந்து அதன் வழியே, படிப்பவரின் கண்ணைப் பார்க்க வேண்டும். கையில் கிடைத்த வாரப் பத்திரிகையில் கத்தரியைப் போட்டேன். அது நீங்கள் ஆசையாக எடுத்து வைத்திருந்த தொடர்கதையின் கடைசிப் பகுதி.

"ஏட்டி, கதையில வார பொண்ணு வீட்டுக்குத் திரும்பி வந்தாளா இல்லையா? அந்த வரியப் போயி வெட்டிட்டியே!" ஓட்டைக்குக் கீழே ஒரு வரிகூடப் படிக்க மாட்டேன் என்று வீம்பு பிடித்தீர்கள். வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லி என் மானத்தையும் வாங்கினீர்கள்.

போன பூஜை முடிந்ததும் மாடி வீட்டுக்குத் தூத்துக்குடியிலிருந்து மாற்றலாகி ஒரு குடும்பம் வந்தது. உங்கள் கிடர்பூர் கஸ்டம்ஸ் ஆபீஸுக்குத்தான். மகள் மீனா தெருப் பிள்ளைகளோடு வங்காளியில் சண்டையே போடுகிறாள். வங்காளிப் புத்தகத்தை எடுத்தால் திணறுகிறாள். இவ்வளவு பேசுகிறவளுக்குப் படிக்க வரவில்லையென்றால் மந்தபுத்திதான், இதே வகுப்பில் இன்னொரு வருஷம் இருக்கட்டும் என்று தலைமை ஆசிரியை சொல்லிவிட்டார். பிள்ளை அழுது முகம் வீங்கிக் கிடந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மீன் கடையில் வங்காளியில் பேரம் பேசி ஜெயித்துவிட்டு, பஸ் போர்டை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் பஸ்ஸை விட்டவர்தானே நீங்கள்? உங்களை யாராவது மந்தம் என்றார்களா?

இன்று மீனாவோடு பள்ளிக்கூடம் போனேன். வங்காளிப் பாடத்தாளில் ஓட்டை போட்டு, "நீங்களே பாருங்கள், தீதி" என்று, இங்கத்து வழக்கப்படி அக்கா முறை சொல்லி, தலைமை ஆசிரியையைத் தாளுக்குப் பின்னால் என் பக்கத்தில் உட்கார வைத்தேன். மீனாவின் கண் எழுத்துக்கு எழுத்து நின்றது, திரும்பத் திரும்பப் பின்னால் போனது. அடுத்து, ஓட்டை விழுந்த உங்கள் தொடர்கதைப் பக்கத்தை நீட்டினேன். அந்த அம்மாளுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் கண் ஓடுவது தெரிந்தது. "ஓமா, இது வேறு பெண்ணின் கண் மாதிரி இருக்கிறதே" என்று வியந்தார். எழுத்துதான் புதிது, புத்தியில் ஒரு குறையும் இல்லை என்றேன். மீனா அடுத்த வகுப்புக்குப் போகிறாள் அப்பா.

இன்னொன்றும் நடந்தது. மீனா ஓட்டையருகே திணறவில்லை. கண் கீழ் வரிக்கு ஓடிப் போய்த் திரும்பியது. "அவள் வந்துவிட்டாள்" என்று தானாகச் சேர்த்துப் படித்தாள்.

"அங்கே எழுத்தே இல்லையேடி" என்றேன்.

"கீழ் வரியில அவ அம்மாக்காரி ரெண்டு தட்டு எடுத்து வைக்காளே, அக்கா. அப்போ அவ வந்துட்டான்னுதானே அர்த்தம்?"

நீங்கள் இருந்திருக்க வேண்டும் அப்பா.

அடுத்த பூஜைக்குள் வங்காளி எழுத்தை மீனாவின் கண்ணுக்குப் பழக்கிவிடுவேன். ஒரு பஸ்ஸையும் அவள் விட மாட்டாள்.

உங்கள் கதையை வெட்டிய மகள்,
செல்வி