முட்டி மடக்காத முதல் வரிசை

துறைமுகத் தெரு, ஸ்கார்விக்
2023 மே 4

டோரீனுக்கு,

நலமா என்று கேட்கவில்லை. நீ தேவாலயப் படியேறுவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். முழங்காலை இழுத்து இழுத்து வைக்கிறாய். முதலில் அதற்கு வைத்தியம் பார். நாத்தனாரோடு பேச்சை நிறுத்தியவள் கடிதம் எழுதக் கூடாது என்று சட்டமில்லையே, அதனால் எழுதுகிறேன்.

புது மீட்புப் படகுக்கு என் வால்டர் பெயரை வைக்க இளவரசியே வருகிறார் என்பதில் எனக்குச் சந்தோஷம்தான். வால்டர் மனைவி என்று எனக்கு முதல் வரிசையில் இடம் என்பதும் நியாயம். ஆனால் நேற்று கறிக்கடையில், நாலு பேர் முன்னால், உங்கள் படகுக் கமிட்டித் தலைவர் மேஜர் ஆப்பிள்யார்ட் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன ஹில்டா அம்மா, முட்டி மடக்கிப் பழகிட்டீங்களா? ஒரு காலைப் பின்னால வச்சு, லேசா இறங்கி எந்திரிக்கணும், அவ்வளவுதான்."

"என் முட்டி ரெண்டும் மாடிப்படி ஏறத்தான் மேஜர். வேற எதுக்கும் மடங்காது" என்றேன்.

கறிக்கடைக்காரர் சிரிப்பை மறைக்கத் தராசைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

என் பேத்தி, ரூத்தின் மகள், கணினியில் தேடிப் படித்துச் சொன்னாள். கட்டாயம் ஏதும் இல்லை என்று அரண்மனையே சொல்கிறதாம். விரும்பினால் ஆண்கள் தலையைச் சாய்க்கலாம், பெண்கள் முட்டி மடக்கலாம், கை குலுக்கினாலும் போதுமாம். அவர்களே வேண்டாம் என்று விட்டதை நீங்கள் ஏன் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள்?

நான் ஏன் மடக்க மாட்டேன் என்பது உனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்கிறேன், எனக்கு மறக்கவில்லை என்று நீ தெரிந்துகொள்ள. 1978 நவம்பர். புயலில் மீன்பிடிக் கப்பலைக் காப்பாற்றப் போன வால்டரைக் கடல் கொண்டுபோய்விட்டது. நினைவுக் கூட்டத்துக்கு அரச குடும்பத்துச் சீமாட்டி ஒருத்தி வந்தாள். ஊசி ஊசியாக மழை. என் வயிற்றில் ரூத், ஏழு மாதம். நீ என் பின்னால் கறுப்புக் கையுறை போட்டுக்கொண்டு நின்றாய். அந்தம்மா என் முன்னால் வந்ததும் உன் கை என் தோளில் விழுந்து அமுக்கியது. இரண்டு முழங்காலும் ஈரக் கல்லில் அடிபட விழுந்தேன். மறுநாள் பேப்பரில் படம் போட்டு, "சீமாட்டி முன் மண்டியிட்ட விதவை" என்று எழுதினார்கள். என்ன விசுவாசம் என்று ஊரே மெச்சியது. இன்றும் அந்தப் படத்தைப் படகுக் கொட்டகைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறீர்கள்.

நான் மண்டியிடவில்லை, டோரீன். தள்ளினாய், விழுந்தேன். அன்றோடு உன்னோடு பேச்சு முடிந்தது.

நான் நிமிர்ந்துதான் நிற்பேன். உங்கள் கமிட்டியில் சொல்லிவிடு.

ஹில்டா


மேல் தெரு, ஸ்கார்விக்
மே 6

அன்புள்ள அண்ணிக்கு,

கதவிடுக்கில் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ இறந்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். சாவுக்கும் பிறப்புக்கும்தானே எனக்கு எழுதுவீர்கள்.

கட்டாயம் இல்லைதான், அண்ணி. ஒரு மரியாதைக்குத்தானே. மேஜர் பிடிவாதமாக இருக்கிறார். முட்டி மடக்காதவர்கள் இரண்டாம் வரிசையில், பேண்டு வாத்தியக்காரர்களுக்குப் பின்னால் நிற்கட்டும் என்கிறார். "அது அவங்க புருஷன் பேரு வச்ச படகு சார்" என்று நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "இருக்கட்டும்மா, முறைன்னு ஒண்ணு இருக்குல்ல" என்றார்.

நானும் சமையலறைத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு தினம் பழகுகிறேன். முட்டி வலிக்கிறது, ஆனாலும் பழகுகிறேன். வால்டர் எனக்கு அண்ணன் இல்லையா. அந்த ஒரு நாளாவது எல்லாம் ஒழுங்காக நடக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். ஒரே ஒரு தடவை, இத்தனூண்டு மடக்கினால் என்ன, அண்ணி?

உங்கள்
டோரீன்


மே 7

டோரீனுக்கு,

உன் மேஜரிடம் சொல். பேண்டு வாத்தியக்காரர்களுக்குப் பின்னால் நிற்க, என் புருஷன் மேளம் அடித்துக்கொண்டு சாகவில்லை. முதல் வரிசையில் வந்து நிற்பேன். முடிந்தால் இளவரசி கண் முன்னாலேயே என்னைத் தூக்கி வெளியே வைக்கட்டும்.

முட்டிக்குச் சூடான உப்பு ஒத்தடம் கொடு. தொட்டியைப் பிடித்துத் தொங்காதே, குழாய் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும்.

ஹில்டா


ஹாரோகேட், மகன் வீட்டிலிருந்து
மே 22

அன்புள்ள அண்ணிக்கு,

இனி ஸ்கார்விக்குக்கு எந்த முகத்தோடு வருவேன்? கமிட்டியிலிருந்து விலகுவதாக எழுதிப் போட்டுவிட்டேன். வீட்டை விற்றுவிட்டு இங்கேயே இருந்துவிடலாம் என்கிறான் மகன்.

கண்ணை மூடினால் அந்தக் கார்தான் வருகிறது. கதவு திறந்ததும் முதலில் இறங்கியவர் நல்ல உயரம், இறகு வைத்த தொப்பி, வெள்ளைக் கையுறை. நான் யோசிக்கவே இல்லை. பழகியதையெல்லாம் சேர்த்து வைத்து ஆழமாக ஒரு வணக்கம் போட்டேன். என்னைப் பார்த்து வரிசை முழுக்க மடங்கியது. மேஜர் தலையைக் கவிழ்த்தார். அப்புறம்தான் அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு, சாதாரண சாம்பல் கோட்டில் இளவரசி இறங்கினார். கூட வந்த தோழிக்கு, கைப்பை தூக்குகிறவருக்கு, ஊரே முட்டி மடக்கியிருக்கிறது!

எழுந்திருக்கப் பார்த்தேன், முட்டி பூட்டிக்கொண்டது. நிமிர்ந்து நின்றது நீங்கள் ஒருவர்தான். வரிசையை விட்டு வந்து, என் அக்குளில் கை கொடுத்து, நிலக்கரி மூட்டையைப் போலத் தூக்கி, "எந்திரிடி, இவங்க இல்ல அவங்க" என்றீர்கள். துறைமுகம் முழுக்கச் சிரித்தது. நாற்பத்தைந்து வருஷம் கழித்து நீங்கள் என்னோடு பேசிய முதல் வார்த்தை "எந்திரிடி".

ஒன்று சொல்ல வேண்டும், அண்ணி. அன்றைக்கு மழையில் நான் உங்களை அமுக்கவில்லை. அண்ணன் போன நாளிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கண் இருட்டி, கால் நிற்காமல், கைக்கு எட்டியதைப் பிடித்தேன். உங்கள் தோள்தான் எட்டியது. எல்லோரும் விதவையைப் பார்த்தார்கள். தங்கை விழப்போகிறாள் என்று யாருக்கும் தெரியவில்லை. சொல்லலாம் என்று வந்தபோது நீங்கள் கதவைத் திறக்கவில்லை. அப்புறம் சொல்ல வாய் வரவில்லை.

இதை நம்ப வேண்டும் என்று கேட்கவில்லை.

டோரீன்


துறைமுகத் தெரு, ஸ்கார்விக்
மே 25

டோரீன்,

நீ ஓடிப்போன பிறகு நடந்ததை முதலில் கேள்.

இளவரசி என் முன்னால் வந்ததும், அவர் நீட்டும்வரை காத்திருக்காமல் நானே கையை நீட்டினேன். மேஜர் மூச்சுவிட மறந்து நின்றார். அந்தப் பெண் சாதாரணமாகக் கை குலுக்கி, "கீழ உக்காந்துட்டாங்களே, அவங்களுக்கு அடி ஏதும் படலையே?" என்று கேட்டது.

"முட்டிக்கு ஒண்ணும் இல்லம்மா, மானத்துக்குத்தான். என் புருஷனோட தங்கச்சி அவ. எப்படி மடக்கணும்னு வாரக்கணக்காப் பழக்கினாங்க, யாருக்குன்னு சொல்லித்தரல" என்றேன்.

வாய்விட்டுச் சிரித்தது. இறகுத் தொப்பிக்காரி பின்னாலிருந்து, "எனக்கு இது புதுசில்லம்மா. எந்த ஊருக்குப் போனாலும் யாராவது ஒருத்தர் கும்பிட்டுடுறாங்க" என்றாள். நீ ஒருத்திதான் உலகத்திலேயே ஏமாந்தவள் என்று நினைக்காதே.

அப்புறம் தேநீர்க் கூடாரத்தில் மேஜர் உன்னை வைத்துக் கேலி பேச ஆரம்பித்தார். "ஏன் மேஜர், உங்க தலை எந்தப் பக்கம் கவுந்துச்சு? கைப்பைக்குத் தலை வணங்கின ராணுவ அதிகாரி நீங்க ஒருத்தர்தான்" என்றேன். கேக்கைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அப்படியே படகுக் கொட்டகைக்குப் போய் அந்தப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றி, எல்லோரும் பார்க்க அக்குளில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். தடுக்க ஒருத்தருக்கும் துணிச்சல் வரவில்லை.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன். படத்தை ஜன்னலோரம் வைத்து, பூதக்கண்ணாடி பிடித்துப் பார்த்தேன். உன் விரல்கள் என் கோட்டைக் கொத்தாகப் பிடித்திருக்கின்றன. அமுக்குகிறவள் அப்படிப் பிடிக்க மாட்டாள். கண் பாதி மூடியிருக்கிறது. உன் அம்மா சாகும்போது இருந்த முகம்.

நம்புகிறேன். ஆனால் மன்னித்துவிட்டேன் என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதே. இத்தனை வருஷம் சோறு போட்டு வளர்த்த கோபத்தை, அவள் தள்ளவே இல்லையாம் என்று ஒரு கடிதம் வந்ததும் தெருவில் விட முடியுமா? நான் கதவைத் திறக்கவில்லை என்றால் ஜன்னல் இல்லையா? கல்லெறிந்து உடைத்தாவது சொல்லியிருக்க வேண்டாமா? சொல்லாமல் இருந்தாயே, அதற்கென்று மாற்றிக்கொள்கிறேன் அந்தக் கோபத்தை.

வீட்டை விற்கிற பேச்சை விடு. உன் விலகல் கடிதத்தைக் கமிட்டிச் செயலாளர் மேசையிலிருந்து நான் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். கேட்டால் அடுப்புப் பற்றவைக்கக் காகிதம் தேவைப்பட்டது என்று சொல்வேன்.

எழுதி எழுதித் திட்டுவது எனக்குத் திருப்தியாக இல்லை, கையும் வலிக்கிறது. சனிக்கிழமை பேருந்தில் ஏறி, உன் வீட்டுக்குப் போகாமல் நேரே வந்து என் கதவைத் தட்டு. திறப்பேன். நாற்பத்தைந்து வருஷத்துக்கும் சேர்த்து வாயாலேயே திட்டுகிறேன். இரண்டு நாள் ஆகும், மாற்றுத் துணி கொண்டு வா.

உன் அண்ணி
ஹில்டா